ஆங்கிலத்தில் பாடப் பெயர்களும் பெரிய எழுத்தும்: என் ஆய்வேடு திரும்பி வந்தபோது கற்றவை

ஆங்கிலத்தில் முதுகலை ஆய்வேடு எழுதுகிறவர்கள் தரவு, கோட்பாடு, புள்ளியியல் ஆகியவற்றை நினைத்துத்தான் தூக்கம் கெடுகிறார்கள். நானும் அப்படித்தான் கெட்டேன். ஆனால் என் ஆய்வேட்டைக் கடைசிப் படியில் நிறுத்தி வைத்தது இவற்றில் எதுவும் இல்லை. வரலாறு, கணிதம், இலக்கியம் போன்ற பாடங்களின் ஆங்கிலப் பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா, சிறிய எழுத்தில் தொடங்குவதா என்ற சிக்கல்தான் நிறுத்தி வைத்தது. மொழித் திருத்துநருக்குக் கொடுத்த 850 ரிங்கிட், கடின அட்டை போட்டுக் கட்டிய பிரதிகளுக்கு ஆன ஏறத்தாழ 400 ரிங்கிட், கெடு தாண்டியதால் கட்ட நேர்ந்த இன்னொரு பருவத்தின் கட்டணம் ஆகிய அனைத்தும் இதனால் போயின. பட்டமளிப்பு விழாவும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. யாராவது ஒருவர் முன்கூட்டியே அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும் என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகலில் வகுப்பு, மாலையிலும் வார இறுதியிலும் படிப்பு என்று கல்வியியலில் முதுகலை செய்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் மாணவர்களில் சிலர் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுப்பதற்கும், வேறு சிலர் அவற்றைக் கைவிடுவதற்கும் என்ன காரணம் என்பதே என் ஆய்வுப்பொருள். பொருளே பாடத்தேர்வு என்பதால், பாடப்பெயர் இல்லாத பக்கம் ஒன்றைக்கூட அதில் காண முடியாது. நம் எழுத்தில் பெரிது, சிறிது என்ற பாகுபாடே கிடையாது. ஆகவே அந்த உணர்வு நமக்குப் பிறப்பிலேயே வருவதில்லை. பள்ளியிலோ தேசிய மொழியான மலாயில் வரும் ஆவணங்களோடு பழகுகிறோம். கால அட்டவணையிலும் சுற்றறிக்கையிலும் ‘செஜாரா’ (வரலாறு), ‘மாத்தமாத்திக்’ (கணிதம்) என்று எல்லாப் பாடப்பெயர்களும் பெரிய எழுத்தில்தான் தொடங்குகின்றன. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் கையோடு வந்து சேர்கிறது. மலேசிய ஆசிரியர்கள் எழுதும் ஆங்கிலத்தை எடுத்துப் பாருங்கள். ‘நான் மேத்தமேட்டிக்ஸ் கற்பிக்கிறேன்’ என்ற வரியில் அந்த ‘எம்’ பெரும்பாலும் பெரிய எழுத்தாகவே இருக்கும்.

வாய்மொழித் தேர்வு நன்றாகவே நடந்தது. சிறு திருத்தங்களோடு ஏற்கலாம் என்று முடிவு சொன்னார்கள். தேர்வாளரின் அறிக்கையில் பல பரிந்துரைகளுக்கு நடுவே, பாடப்பெயர்களில் பெரிய எழுத்தின் பயன்பாடு ஆய்வேடு முழுவதும் ஒருசீராக இல்லை என்று ஒரே ஒரு வரி இருந்தது. எந்தப் பக்கம், எந்தச் சொல், எந்த விதி என்று எதுவும் அதில் இல்லை. என் பார்வையில் அந்த ‘ஒருசீர்’ என்ற சொல்தான் எல்லாரையும் திசைதிருப்பியது. ஒருசீர் என்றால் ஒரு சொல் எல்லா இடத்திலும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று பொருள் கொண்டவர்களே அதிகம். மேற்பார்வையாளரும் அதைச் சிறிய வேலை என்று கருதி, ஆங்கிலம் அறிந்த ஒரு திருத்துநரிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

நான் அமர்த்திய திருத்துநர் எல்லாப் பாடப்பெயர்களையும் தேடி, ஒரே அழுத்தில் சிறிய எழுத்துக்கு மாற்றித் தந்தார். ஒரு வகையில் அது ஒருசீர்தான். ஆனால் வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்த ‘ஹிஸ்டரி’ சிறிய எழுத்தில் தொடங்கியது. துறைகளின் அதிகாரப்பூர்வப் பெயர்கள் சிறுத்தன. மேற்கோள் பட்டியலில் இருந்த ஆய்விதழ்களின் பெயர்கள் சிதைந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘தமிழ் லிட்டரேச்சர்’ என்பதில் இருந்த ‘தமிழ்’ சிறிய எழுத்தில் நின்றது. துறையில் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்துக் கையொப்பம் இட்டார்கள். கட்டிய பிரதிகளை ஒப்படைத்த பிறகு, வடிவம் சரிபார்க்கும் பிரிவிலிருந்து வண்ண ஒட்டுத்தாள்கள் பறக்க அவை திரும்பி வந்தன. தமிழைப் பற்றிய ஆய்வில் தமிழின் பெயரையே தவறாக அச்சிட்டுக் கொடுத்த நிலை எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் அந்தக் கனமான பையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் கேட்டால் ஆளுக்கொரு விதி சொன்னார்கள். “பாடத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா டீச்சர், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள்” என்றார் ஒருவர். தேர்வுப் பாடம் என்றால் மட்டும் பெரிய எழுத்து என்றார் இன்னொருவர். பல்கலைக்கழக வழிகாட்டிக் கையேட்டிலோ அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏ.பி.ஏ. எழுத்து முறையைப் பின்பற்றுக என்பதற்கு மேல் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதன் பிறகு, ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு நானே படித்தேன். அதில் அடிப்படை மிக எளிது. ஒரு துறை அறிவைப் பொதுவாகக் குறிக்கும்போது அதன் பெயர் பொதுப்பெயர். ஆகவே சிறிய எழுத்து. பயாலஜி, கெமிஸ்ட்ரி, எக்கனாமிக்ஸ், சைக்காலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ், மாரல் எஜுகேஷன் எல்லாம் வாக்கியத்தின் நடுவே சிறிய எழுத்தில்தான் வரும். அதே சொல் ஒரு குறிப்பிட்ட துறையின், பாடநெறியின், நிறுவனத்தின் பதிவுபெற்ற பெயருக்குள் போய் அமரும்போது சிறப்புப்பெயரின் உறுப்பாகிறது. அப்போது பெரிய எழுத்து. ஆகவே ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு தோற்றத்தில் இருப்பது பிழை ஆகாது. சில பக்கங்களில் அப்படி இருந்தால்தான் சரி. அந்த அறிக்கை கேட்ட ஒருசீர், விதியில் வேண்டிய ஒருசீரே தவிர, தோற்றத்தில் வேண்டிய ஒருசீர் அன்று. இதை மட்டும் தொடக்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் அந்த 850 ரிங்கிட் என் கைப்பையிலேயே இருந்திருக்கும்.

பெரிய எழுத்தை மரியாதையோடு இணைத்துப் பார்ப்பது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில அச்சு நூல்களில் பொதுப்பெயர்களையும் பெரிய எழுத்தில் தொடங்குவது சாதாரணமாக இருந்தது; 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில்கூட அப்படியே காணலாம். ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆங்கிலம் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான்.

சிறிய எழுத்து விதிக்கு முதல் விலக்கு மொழிப்பெயர்கள். இங்லிஷ், தமிழ், மலாய், ஃபிரெஞ்ச் ஆகியவை மொழியின் சிறப்புப்பெயர்கள் என்பதால், பாடமாகக் குறிக்கும்போதும் எப்போதும் பெரிய எழுத்துத்தான். ‘நான் மேத்தமேட்டிக்ஸும் தமிழும் கற்பிக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் முதலாவது சிறிய எழுத்து, இரண்டாவது பெரிய எழுத்து. பார்க்க ஒருசீராக இல்லாதது போலத் தோன்றும் இந்த வரிதான் சரியான வரி. கூட்டுப்பெயர்களில் நாடு, இனம், சமயம், ஆள் ஆகியவற்றிலிருந்து வந்த சொல் மட்டுமே பெரிய எழுத்தைப் பெறும். கூடவே வரும் சொல் பெறாது. ‘தமிழ் லிட்டரேச்சர்’ என்பதில் ‘டி’ பெரியது, ‘எல்’ சிறியது. ‘இண்டியன் ஹிஸ்டரி’, ‘இஸ்லாமிக் ஸ்டடிஸ்’ ஆகியவற்றிலும் அப்படியே. யூக்லிட்டின் பெயரால் வந்த ‘யூக்லிடியன் ஜியாமெட்ரி’யில் முதல் சொல்லுக்கும், பூல் என்ற கணித அறிஞரின் பெயரால் வந்த ‘பூலியன் ஆல்ஜிப்ரா’வில் முதல் சொல்லுக்கும் மட்டும் பெரிய எழுத்து. இடைக்கால வரலாறு என்ற ‘மிடீவல் ஹிஸ்டரி’ முழுவதும் சிறிய எழுத்து. மறுமலர்ச்சிக்கால வரலாறு என்ற ‘ரெனசான்ஸ் ஹிஸ்டரி’யில் முதல் சொல்லுக்குப் பெரிய எழுத்து. இந்த இரண்டில்தான் நான் அதிக நேரம் திகைத்து நின்றேன்.

துறைப் பெயர்களுக்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறையை அதன் முழுப்பெயரால் ‘டிபார்ட்மென்ட் ஆஃப் இண்டியன் ஸ்டடிஸ்’ என்று எழுதினால், நடுவிலுள்ள ‘ஆஃப்’ தவிர மூன்று சொற்களும் பெரிய எழுத்து. அதையே புரட்டி, அங்குள்ள ‘இண்டியன் ஸ்டடிஸ் டிபார்ட்மென்ட்’ என்று பேச்சுவாக்கில் எழுதினால் ‘இண்டியன்’ மட்டுமே பெரிய எழுத்து. வெறுமனே ‘துறை’ என்று சுட்டும்போது எதற்கும் வேண்டாம். இதைப் போலவே, 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘தமிழ் ஸ்டடிஸ்’ இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்துப் பெறும். தமிழாய்வு என்ற துறையைப் பொதுவாகக் குறிக்கும்போது ‘ஸ்டடிஸ்’ சிறுத்துவிடும். என் இரண்டாம் இயலில் இந்த இரண்டும் ஒரே பத்தியில் வந்தன. ஒட்டுத்தாள்கள் அதிகம் இருந்ததும் அந்தப் பத்தியில்தான்.

பாடநெறிகளுக்கும் இதே அளவுகோல்தான். ‘சைக்காலஜி 101’ என்று எண்ணோடு வந்தாலோ, ‘இன்ட்ரடக்‌ஷன் டு சைக்காலஜி’ என்று பாடநெறியின் பெயராகவே வந்தாலோ பெரிய எழுத்து. ஓர் அறிமுக சைக்காலஜி வகுப்பு என்ற பொருளில் வந்தால் சிறிய எழுத்து. பள்ளித் தேர்வுப் பாடங்களில்தான் உண்மையான குழப்பம். பல்கலைக்கழகம் புகுவதற்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் ‘ஜெனரல் ஸ்டடிஸ்’ ஒரு தாளின் பெயர். அதைச் சிறிய எழுத்தில் எழுதினால் ஏதோ பொதுவான படிப்பு என்று பொருள் மாறிவிடும். ஆகவே அதற்குப் பெரிய எழுத்தே பொருத்தம். எஸ்.பி.எம். தேர்வில் ஒரு மாணவி கெமிஸ்ட்ரி தாளில் ‘ஏ’ பெற்றாள் என்று எழுதும்போது அது தாளின் பெயரா, துறை அறிவா என்பதில் ஆங்கிலம் எழுதுகிறவர்களிடையே ஒரே வழக்கம் இல்லை. நான் சான்றிதழில் அச்சிடப்படும் தாளைச் சுட்டும் இடங்களில் பெரிய எழுத்தையும், மாணவர்கள் அந்தப் பாடத்தை விரும்பினார்கள், வெறுத்தார்கள், பயந்தார்கள் என்று எழுதும் இடங்களில் சிறிய எழுத்தையும் வைத்தேன். 2003இல் தொடங்கிய, அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கையை அதன் முழு ஆங்கிலப் பெயரால் எழுதியபோது ‘சயின்ஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ இரண்டும் பெரிய எழுத்து. அடுத்த வரியில் அந்தப் பாடங்களைப் பற்றிப் பேசியபோது சிறிய எழுத்து.

சுருக்கப்பெயர்கள் ஒரு பொறி. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தலைக் குறிக்கும் டெஸ்ல் என்ற சுருக்கத்தின் எழுத்துகள் எல்லாம் பெரியவை என்பதால், அதை விரித்து எழுதும்போதும் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று ஆங்கில ஆசிரியர்களே நினைக்கிறார்கள். விரிக்கும்போது அதற்குள் இருக்கும் ‘இங்லிஷ்’ மட்டுமே பெரிய எழுத்தைக் கேட்கும். கோட்பாடுகளும் அப்படியே. 1994இல் லென்ட், பிரௌன், ஹேக்கெட் ஆகியோர் முன்வைத்த சமூக அறிதல்சார் தொழில்தேர்வுக் கோட்பாடு என் ஆய்வின் அடித்தளம். அதன் ஆங்கிலப் பெயர் ஏ.பி.ஏ. முறையில் முழுவதும் சிறிய எழுத்து, சுருக்கம் மட்டும் பெரிய எழுத்து. பட்டங்களில் கையேடுகளே வேறுபடுகின்றன. ‘மாஸ்டர்ஸ் டிகிரி’ என்று பொதுவாகச் சொல்வது எல்லாவற்றிலும் சிறிய எழுத்து. ‘மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ்’ என்ற முழுப்பெயரை ஏ.பி. செய்தி நிறுவனத்தின் கையேடு பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறது, சிகாகோ கையேடு பொதுவாகச் சுட்டும்போது சிறிய எழுத்தையே விரும்புகிறது. எந்தக் கையேடு என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

மேற்கோள் பட்டியலைத் தனியாகக் கையாளுங்கள் என்பது நான் அழுத்திச் சொல்லும் அறிவுரை. ஏ.பி.ஏ. முறையில் கட்டுரை, நூல் ஆகியவற்றின் தலைப்பில் முதல் சொல்லும், முக்காற்புள்ளிக்கு அடுத்த சொல்லும், சிறப்புப்பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்துப் பெறும். ஆய்விதழின் பெயரோ, ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் சைக்காலஜி’ என்பதைப் போல, முக்கியச் சொற்கள் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தைப் பெறும். ஆகவே ஒரே பதிவின் முதல் பாதியில் ‘சைக்காலஜி’ சிறியதாகவும் இரண்டாம் பாதியில் பெரியதாகவும் இருக்கும். ஆய்வேட்டின் உள்தலைப்புகளில், ஏழாம் பதிப்பின்படி, ஐந்து நிலைகளிலும் முக்கியச் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். அங்கே ‘ஹிஸ்டரி’ பெரிய எழுத்தில் நிற்பதற்கும் பாடப்பெயர் விதிக்கும் தொடர்பே இல்லை. அட்டவணைகளில் வேர்டு மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தின் முதல் எழுத்தையும் தானாகவே பெரிதாக்கிவிடும். வேண்டாம் என்றால் அந்தத் தானியங்கித் திருத்தத்தை அமைப்பில் நிறுத்திவிட வேண்டும். சிறிய எழுத்தில் தொடங்கிய ‘இங்லிஷ்’ஷுக்கு வேர்டு சிவப்புக் கோடு போடும், தேவையின்றிப் பெரிதாக்கப்பட்ட ‘ஹிஸ்டரி’யை ஒன்றும் செய்யாது. அந்தக் கோட்டை நம்பி இருக்க முடியாது.

திருத்தும் வேலையை நான் செய்த முறை இது. தேடும் பெட்டியில், பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தித் தேடும் ‘மேட்ச் கேஸ்’ என்ற தெரிவைப் போட்டு, ஒவ்வொரு பாடப்பெயரையும் பெரிய எழுத்து வடிவில் ஒருமுறையும் சிறிய எழுத்து வடிவில் ஒருமுறையும் தேடி, ஒவ்வொரு இடமாக நின்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் ‘ரீப்ளேஸ் ஆல்’ பொத்தானை மறந்துவிடுங்கள். அரிசியில் கல் பொறுக்கும் வேலைக்கு முறம்தான் சரி. ஐயம் வந்த இடங்களில் எடுத்த முடிவுகளை ஒரு தனித்தாளில் அகர வரிசையில் எழுதி வைத்தேன். தொழில்முறைத் திருத்துநர்கள் அதை ஸ்டைல் ஷீட் என்கிறார்கள். திருத்துநரை அமர்த்துவதாக இருந்தால், பணம் பேசுவதற்கு முன்பே இரண்டு பக்கத்தை மாதிரியாகத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கத்தில் ஒரு மொழிப்பெயர், ஒரு துறைப்பெயர், மேற்கோள் பட்டியலின் ஒரு பகுதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். மாற்றங்கள் தெரியும்படி டிராக் சேஞ்சஸ் முறையில் செய்து தர மறுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். கடின அட்டை போடுவதற்கு முன், வடிவம் சரிபார்க்கும் பிரிவுக்கு மின்படியை அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். பல்கலைக்கழகம் அதைக் கட்டாயமாக்காவிட்டாலும், கேட்டால் பார்த்துத் தருகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலை விண்ணப்பம் எழுதும் மாணவர்களுக்கும் இது பயன்படும். தன்விவரக் குறிப்பில் பாடங்களையும் தேர்ச்சியையும் பட்டியலாக அடுக்கும்போது ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்குவதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை, அது பட்டியலின் அமைப்பு. அதனோடு இணைக்கும் கடிதத்தின் வாக்கியங்களில்தான் மொழிப்பெயர் தவிர்த்த பாடங்கள் சிறிய எழுத்துக்குத் திரும்ப வேண்டும்.

மறுபடியும் ஒப்படைத்தபோது ஓரிடத்தில் மட்டும் கேள்வி வந்தது, எஸ்.பி.எம். தாள்களின் பெயர்களை நான் இரண்டு விதமாக எழுதியிருப்பது ஏன் என்று கேட்டார்கள். முதல் இயலில் கலைச்சொல் விளக்கம் தரும் பகுதியில், தேர்வுத் தாளைக் குறிக்கும் இடங்களில் பாடப்பெயர் பெரிய எழுத்திலும் துறையைக் குறிக்கும் இடங்களில் சிறிய எழுத்திலும் தொடங்கும் என்று ஒரு வாக்கியம் சேர்த்து, அந்தப் பக்க எண்ணைக் காட்டிப் பதில் அனுப்பினேன். அதன் பிறகு வந்த கடிதத்தில் பிரதிகளைக் கட்டி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.